இரக்கத்தின் விலையை யார் தருவது?

தலைநகரில் பொங்கலை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையன்று நம் சங்கத்தின் ஆண்டு விளையாட்டு விழா நடைபெறுவதை அன்பர்கள் அறிவர். மூடுபனி விலகாத காலை எட்டு மணிக்கே, கம்பளிக் குல்லாயும் கழுத்துத் துணியுமாகப் பிள்ளைகள் வந்து நிற்பர். கூடத்தின் ஒருபுறம் சதுரங்கம்; மறுபுறம் கேரம்; மூலையில், பாட்டிமார் விருப்பத்துக்காகப் பல்லாங்குழியும் தாயமும். விரல் விறைத்தால் ஸ்டிரைக்கர் நேராகப் போகாது. ஆதலின் ஆட்டத்துக்கு முன் பிள்ளைகள் ஹீட்டரைச் சூழ்ந்துகொண்டு கை காய்ச்சுவர். கேரம் பலகைகளின் மேல் தாழ்வாகத் தொங்கும் விளக்குகளும் ஒளி தருவதோடு பலகையின் ஈரத்தையும் போக்கும்.

2011 முதல் கேரம் போட்டியை நடத்தும் பொறுப்பு என்னுடையது. நான் சிறந்த ஆட்டக்காரன் அல்லேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருப்பவன். பட்டியல் போடவும், பதிவேடு வைக்கவும், பெயரை வரிசைப்படுத்தவும் அறிந்தவன். என்னைத் தேர்ந்தெடுத்தமைக்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பட்டியல் போடும் அந்த எளிய வேலைக்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருக்கும் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அக்கேள்வியையும், அதற்கு நான் கொடுத்த தவறான விடையையும் இம்மலரின் பக்கங்களில் எழுதிவைக்க விழைகிறேன்.

கேரம் ஆட்டத்தைப் பற்றி நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு. இருபத்தைந்து புள்ளி அல்லது எட்டுப் போர்டு என்பது ஓர் ஆட்டத்தின் எல்லை. சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில்தான் தோன்றியது. 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்று, பின்னர் அருச்சுனா விருதும் பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வாகை சூடிய காசிமாவும் அந்நகரத்தவரே. இத்தகைய பெயர்களைச் சொல்லிச் சொல்லி, வெளியூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளை நாம் பலகை முன் அமர்த்துகிறோம்.

போட்டி நடத்துவோன் அறிந்துகொள்ளும் முதற்கணக்கு ஒன்று உண்டு. பதின்மூவர் பெயர் கொடுத்தால் பன்னிரண்டு ஆட்டம் நடக்க வேண்டும். ஏனெனில் ஓர் ஆட்டத்தில் ஒருவர் வெளியேறுகிறார், இறுதியில் ஒருவரே எஞ்ச வேண்டும். ஆகவே போட்டி என்பது ஒரு வெற்றியாளரையும் பன்னிரண்டு தோல்வியாளரையும் உண்டாக்கும் ஏற்பாடு. பதின்மூவரை இருவர் இருவராகப் பிரிக்க இயலாது. அதற்கு அடுத்து வரும் சரியான எண் பதினாறு, குறைவது மூன்று. எனவே மூவர் முதற்சுற்றை ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குச் செல்வர். ஆட்டக்காரர் இதனைப் ‘பை’ என்பர். அந்த மூவர் யார்? சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதே வழக்கம்.

2013-ஆம் ஆண்டு விழாவில், பதினைந்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் பெயர் கொடுத்தோர் சரியாகப் பதின்மூவர். முதல் நாள் இரவு, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நான் ஒருவனாக அமர்ந்து சீட்டெடுத்தேன். அவர்களுள் ஒரு சிறுவன் இருந்தான். ஊரிலிருந்து நான்கு மாதங்களுக்கு முன்பே வந்தவன். தாயில்லாப் பிள்ளை. தந்தை ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை. பெயர் கொடுக்க வந்த அன்று அத்தந்தை என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “காலைப் பலகாரம் முடிந்தபின்தான் சார் எனக்கு விடுப்பு. பதினொரு மணிக்குள் வந்துவிடுவேன். பையன் ஆடுவதை நான் இதுவரை பார்த்ததில்லை.” அவர் எதையும் கேட்கவில்லை, செய்தியாகச் சொன்னார், அவ்வளவே.

சீட்டில் விழுந்தது என்ன? காலை ஒன்பதரை மணிக்கு, முதற்சுற்றில், முந்திய ஆண்டின் வெற்றியாளனோடு அச்சிறுவன் ஆட வேண்டும். பத்து மணிக்குள் அவன் ஆட்டம் முடிந்துவிடும் என்பது திண்ணம். தந்தை வரும்போது மகன் வேடிக்கை பார்ப்போருள் ஒருவனாக நின்றுகொண்டிருப்பான்.

என் கையில் மூன்று ‘பை’ச் சீட்டுகளும் இருந்தன. அவற்றுள் ஒன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு விழுந்திருந்தது. இரண்டு பெயர்களை இடம் மாற்றினேன். அரை நிமிட வேலை. பார்த்தவர் யாரும் இலர். அன்றிரவு நான் மனநிறைவோடு உறங்கினேன்.

மறுநாள் எல்லாம் எண்ணியபடியே நடந்தது. தந்தை பதினொரு மணிக்குச் சற்று முன்னதாக வந்தார். மகன் இரண்டாம் சுற்றில் வென்றதைக் கண்டார். அரையிறுதியில் தோற்றதையும் கண்டார். போகும்போது என் கைகளைப் பற்றிக்கொண்டார். அச்சிறுமியோ இருபத்தைந்துக்கு இரண்டு என்ற கணக்கில், அரை மணி நேரத்துக்குள் தோற்றுவிட்டாள். அவள் எப்போது கூடத்தை விட்டுப் போனாள் என்பதை நான் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

பதினோராண்டு கழிந்தது. 2024 விழாவுக்கு முதல் நாள் மாலை, தொண்டர்களாக வந்திருந்த இளைஞர்களுள் ஒரு பெண், “மாமா, இந்த ஆண்டு சீட்டை எல்லோர் முன்னிலையிலும் எடுத்தால் என்ன?” என்று கேட்டாள். “ஏனம்மா, யாரேனும் குறை சொன்னார்களா?” என்றேன். “இல்லை மாமா. சின்ன வயதில் நான் ஒருமுறை இங்கே ஆடியிருக்கிறேன். முதல் ஆட்டமே சாம்பியனோடு. ஒரு வேளை எல்லோரும் பார்க்கச் சீட்டு எடுத்திருந்தால் மனம் ஆறியிருக்கும் என்று பிற்பாடு தோன்றும்” என்றாள்.

அவளை அப்போதுதான் அடையாளம் கண்டேன். பரீதாபாத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறாள், தாத்தாவோடு. மெட்ரோ ரயில் அந்நகரை எட்டியிராத காலம் அது. ஆட்டம் கற்றுக் கொடுத்தவரே அந்தத் தாத்தாதான். “மறு தைக்குத் தாத்தா இல்லை மாமா. அதனால் நானும் பெயர் கொடுக்கவில்லை” என்றாள்.

மறைக்க நாவெழவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் அவள் பேசவில்லை. பிறகு, “திரும்பிப் போகும் வழியெல்லாம் தாத்தா, ‘சீட்டு அப்படி விழுந்துவிட்டது கண்ணு, யார் மேலும் வருத்தப்படக் கூடாது’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வார்த்தை பொய்யாகிவிட்டதே மாமா” என்றாள். பின்னர், “அந்தப் பையனுடைய அப்பா ஆட்டத்தைப் பார்த்தாரா?” என்று கேட்டாள். பார்த்தார் என்றேன். “நல்லது. என்னைக் கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ, தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம்” என்றாள்.

அவள் சொன்ன இச்சில சொற்களைச் சுற்றியே என் சிந்தனை இதுநாள்வரை சுழன்றுகொண்டிருக்கிறது.

நான் செய்தது இரக்கச் செயல்தானா? நெஞ்சில் எழுந்தது இரக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கையூட்டுப் பெறவில்லை, உறவுக்காகச் செய்யவில்லை, புகழையும் நாடவில்லை. ஆயினும் ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த இரக்கத்தின் விலையைக் கொடுத்தவர் யார்? நான் என் நேரத்தையோ பணத்தையோ கொடுக்கவில்லை. கொடுத்தவள் அச்சிறுமி. அவள் கையிருப்பிலிருந்து எடுத்து, அவளுக்குத் தெரியாமல், இன்னொருவனுக்கு வழங்கிவிட்டு, வழங்கிய புண்ணியத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். பிறர் பணத்தில் செய்த தருமத்துக்குப் பெயர் தருமமாகுமா?

வள்ளுவர் அறத்துப்பாலில் பன்னிரண்டாம் அதிகாரமாக நடுவு நிலைமையை வைத்தார். பொருட்பாலில் ஐம்பத்தெட்டாம் அதிகாரமாகக் கண்ணோட்டத்தை வைத்தார். இரண்டும் ஒரு நூலிலேயே இருக்கின்றன. ஒன்றை ஏற்றவன் மற்றொன்றைத் தள்ள வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று. கண்ணோட்டம் என்ற சொல்லை எண்ணிப் பார்ப்போமாயின், கண் ஓடுதல் என்னும் பொருளே முதலில் தோன்றும். கண் எங்கே ஓடுகிறதோ அங்கே இரக்கம் சுரக்கிறது. இது மனிதனின் சிறப்பு; அவன் குறையும் இதுவே. சமையற்காரரின் தயக்கம் நிறைந்த முகம் என் கண்முன் இருந்தது. சிறுமியின் தாத்தா முகம் என் கண்முன் இல்லை. கண் ஓடிய இடத்தில் அருளைப் பொழிந்தேன். கண் ஓடாத இடத்தில் அதே கையால் பறித்தேன். இப்படிக் கண்ணுக்கு எட்டாதவரும் தம் பங்கை இழக்காமல் காப்பதற்கே நடுவு நிலைமை வேண்டியிருக்கிறது. கடமை கெடாதவாறு கண்ணோட வேண்டும் என்று அக்கண்ணோட்ட அதிகாரத்திலேயே வள்ளுவர் எல்லை கட்டியிருப்பதும் இதனால்தான் போலும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். சீட்டு மட்டும் நீதியானதா? தகுதி பாராமல், தேவை பாராமல், குருட்டுத்தனமாக விழுவதுதானே அது? அக்குருட்டுச் சீட்டைவிட, கண்ணுள்ள ஒருவன் ஆராய்ந்து கொடுப்பது மேல் அன்றோ?

உண்மைதான், சீட்டு தகுதியை அறியாது. ஆனால் அது எவரையும் இழிவு செய்வதும் இல்லை. சீட்டால் வந்த தோல்வியை, ‘விழுந்துவிட்டது’ என்று ஒரு கிழவர் தம் பேத்திக்குச் சொல்லித் தேற்றலாம். ஒருவன் வேண்டுமென்றே தன்னைத் தள்ளிவிட்டு வேறொருவனை முன்னிறுத்தினான் என்றால், அதை எப்படிச் சொல்லித் தேற்றுவது? மழையில் நனைந்தவனுக்கு மழை மேல் பகை உண்டாவதில்லை. குடத்து நீரை ஒருவன் தலையில் கொட்டினால் அப்படியிருப்பானா? நனைந்தது ஒன்றே ஆயினும் நோவது வேறு.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். உத்தரமேரூர்க் கல்வெட்டை நாம் பெருமையோடு பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. முப்பது குடும்புகளுக்கும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டனர். எல்லோரும் காணும்படி ஒரு முதியவர் குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளிருப்பது இன்னதென அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதனைப் பெறுபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். பின்பு யாவரும் கேட்க வாசிக்க வேண்டும். இவற்றை எழுதியவர்கள் ஓலை வாங்குவோரைத் திருடர் என்று கருதினர் என நான் நினைக்கவில்லை. நல்லவன் கையும் மூடியிருந்தால் இடறக்கூடும் என்பதை அறிந்திருந்தனர். என் சாப்பாட்டு மேசையில் மூடியிருந்த கை அத்தகையது.

‘சிறுபிள்ளை விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?’ என்று சிலர் நகைக்கலாம். நம் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். சொந்த ஊரை விட்டு வந்த நாம் இந்நகரில் எதை நம்பி வாழ்கிறோம்? பட்டியல்களை நம்பி வாழ்கிறோம். கோடை விடுமுறைக்கு ஊர் செல்ல ரயிலில் காத்திருப்போர் பட்டியல். மழலையர் பள்ளிச் சேர்க்கைக்குக் குலுக்கல். அரசுக் குடியிருப்புக்கு முறைவரிசை. நான் குடியிருப்புக்காகக் காத்திருந்த ஆண்டுகளில், நாள்தோறும் என் வரிசை எண்ணைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். தில்லியில் வரிசை மீறி வீடுகள் ஒதுக்கப்பட்டதை 1990-களில் உச்ச நீதிமன்றமே விசாரிக்க நேர்ந்தது நம்மில் மூத்தோர்க்கு நினைவிருக்கும். அவ்வாறு ஒதுக்கியோர் எல்லோரும் பணத்துக்காகச் செய்தனர் என்று சொல்லிவிட முடியுமா? கண்ணீரோடு வந்து நின்றவரைக் கண்டு மனமிளகியவரும் அவர்களுள் இருந்திருக்கலாம். ஆயினும் ஒருவர் மேலேறும்போது, கீழே முகம் தெரியாத ஒருவர் ஒரு படி இறங்குகிறார். பட்டியலுக்கு இது தவிர வேறு கணக்கு இல்லை. இக்கணக்கை நம் பிள்ளைகள் முதன்முதலில் கற்பது விளையாட்டுக் கூடத்தில்தான். பெரியவர் சொன்ன சொல்லும் செய்யும் செயலும் ஒன்றா என்பதையும் அங்கேதான் அவர்கள் பார்க்கின்றனர்.

அப்படியானால் விதி ஒன்றே போதும், இரக்கத்துக்கு இடமில்லை என்பது என் முடிவா? அன்று, ஒருகாலும் அன்று. அச்சமையற்காரர் தம் மகனின் ஆட்டத்தைக் கண்டது நல்லதே என்று இன்றும் நான் நம்புகிறேன். அந்நன்மையை அடைய நேர்வழி இருந்தது என்பதே என் வருத்தம். மறுநாள் காலை ஒலிபெருக்கியில், ‘ஒரு சிறுவனின் தந்தையார் பதினொரு மணிக்குத்தான் வர இயலும், தம் இடத்தை மாற்றிக்கொள்ள யாரேனும் மனமுவந்து இசைவீர்களா?’ என்று நான் கேட்டிருக்கலாம். ஒருவர் இசைந்திருப்பார், அல்லது ஒருவரும் இசைந்திருக்க மாட்டார். இசைந்திருந்தால் அந்த ஈகை அவருடையதாக இருந்திருக்கும். நானோ, சிறுமியின் ‘பை’யை எடுத்துக்கொண்டதோடு, தானே மனமுவந்து கொடுக்கும் வாய்ப்பையும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இரண்டாவது இழப்பே பெரியது என்று இப்போது எண்ணுகிறேன்.

இரக்கத்தை விதிக்குள்ளேயே வைத்துக் கட்டும் வழியும் உண்டு. பணியில் இருக்கையில் இறந்த ஊழியரின் குடும்பத்துக்குக் கருணை அடிப்படையில் வேலை தரும் திட்டம் நம் மத்திய அரசில் இருக்கிறது. ‘சி’ பிரிவில் நேரடி நியமனத்துக்கான காலியிடங்களில் நூற்றுக்கு ஐந்து என அதற்கு வரம்பும் இருக்கிறது. அந்த ஐந்து போதுமா என்பது வேறு வினா. ஆனால் அது எழுதப்பட்டிருக்கிறது, யாவரும் அறிவர், பிறர் எவ்வளவு விட்டுக்கொடுக்கின்றனர் என்பதும் தெரிகிறது. சதுரங்கத்திலும் இத்தகைய முறை உண்டு. 1895-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் கையாளப்பட்டதால் சுவிஸ் முறை எனப் பெயர் பெற்றது அது. அதில் தோற்றவர் வெளியேறுவதில்லை. ஒத்த புள்ளி பெற்றவரோடு அடுத்த சுற்றையும் ஆடுகிறார். முதல் ஆட்டத்தில் தோற்ற பிள்ளையும் மாலைவரை ஆடிக்கொண்டிருக்கலாம். தோற்றவரிடம் காட்டும் இரக்கம் இங்கே ஒருவர் மனப்போக்கைச் சார்ந்து நிற்கவில்லை; முறையிலேயே அமைந்திருக்கிறது.

ஆகவே எனக்கென ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். நான் காட்ட விரும்பும் சலுகையை ஒலிபெருக்கியில், அதனால் இழப்போரும் கேட்க, காரணத்தோடு அறிவிக்க என்னால் இயலுமா? இயலுமாயின் செய்வேன். நா கூசுமாயின், அது எவ்வளவு நல்லெண்ணத்தில் பிறந்ததாயினும், வேறொருவர் பங்கு அதில் கலந்திருக்கிறது என்று கொள்வேன். அந்நேரத்தில் கொடுத்தே தீர வேண்டும் என்று மனம் உந்தினால், என்னுடையதிலிருந்து கொடுப்பேன். என் நேரம், என் உழைப்பு, என் பணம் இவற்றுக்கு நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

2025 விழாவில் மூன்று மாறுதல் செய்தோம். இளையோர் பிரிவில் முதல் ஆட்டத்தில் தோற்றவர்களுக்குத் தனியாக ஒரு சுற்று வைத்தோம். காலந்தாழ்ந்து வருவோர்க்குக் கால் மணி நேரம் பொறுப்பது என்று முன்னதாகவே எழுதி ஒட்டினோம். சீட்டை எல்லோர் முன்னிலையிலும் எடுத்தோம். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அறியாத ஒரு குழந்தை, எவர்சில்வர்க் குடத்துக்குள் தோள்வரை கைவிட்டு ஒவ்வொரு சீட்டாக எடுத்தது. அதனை வாங்கிப் படித்துக் காட்டும் வேலையை அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தேன். கல்வெட்டைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. ஆயினும் அவள் கையை நன்றாக விரித்தே நீட்டினாள். குளிரில் விரல்கள் சற்றே சிவந்திருந்தன.

தோற்ற பிள்ளைகள் சிலர் அன்றும் அழுதனர். அவர்களைத் தேற்றிய பெற்றோர், ‘சீட்டு அப்படி விழுந்துவிட்டது’ என்றனர். அச்சொல் அன்று மெய்யாக இருந்தது. போட்டி நடத்துவோன் தோற்றவர்க்குச் செய்யக்கூடிய உதவி அதுவே என்று கருதுகிறேன்.